செண்பகவல்லி புடிச்ச காக்கா படம்

ஒரு ஊர்ல ஒரு ஏரியாம். அந்தக் கரைக்கு செண்பகவல்லின்னு ஒருத்தி கேமராவும் கையுமா வந்தாளாம். எதுக்கு? அங்க முக்குளிப்பான்னு ஒரு குட்டிப் பறவை இருக்கு. குஞ்சுங்கள முதுகுல ஏத்திக்கிட்டு நீந்தும். அத்தை உன்னை உப்புமூட்டை தூக்குறேன்ல, அப்படி. அதை ஒரு படம் எடுத்துடணும்னு அவளுக்கு ஒரே ஆசை. ம் சொல்லு.

"ம்."

மொத நாள் செக்கச்செவேல்னு சேலை கட்டிட்டுப் போனா. பறவை பாத்துச்சு, குபுக்! தண்ணிக்குள்ள முங்கிடுச்சு. மறுநாள் மண்ணு கலர்ல சுடிதார். ஆனா கை நிறைய வளையல்! கிலுங் கிலுங். குபுக்! அப்புறம் மூணாம் நாள் வளையலைக் கழட்டிட்டு, கோரைப்புல்லுக்குள்ள மெல்ல மெல்லப் போனா. கூடு தெரியுது. இன்னும் கொஞ்சம் கிட்டப் போவோம்னு பேராசை. சளக்!

"விழுந்துட்டாளா?"

கால் சேத்துல மாட்டிக்கிச்சு. பறவை பயந்து ஓடிடுச்சு. எப்பவும் அது பாசியை இழுத்து முட்டையை மூடிட்டுத்தான் கிளம்பும். இன்னிக்கு நேரமே இல்ல. முட்டை வெள்ளை வெளேர்னு கிடக்கு.

அப்போ மரத்துல ஒரு காக்கா. "கா!" தலையைச் சாய்ச்சு முட்டையவே பாக்குது.

செண்பகவல்லி சேத்துலேர்ந்து காலைப் புடுங்கிக்கிட்டா. ஐயோ, என்னாலதானே! இங்கேயே நின்னா அம்மாப் பறவை திரும்பி வராது. போனா காக்கா தின்னுடும். அப்போ பையில கை பட்டுச்சு. டிபன் டப்பா! வீட்ல சாப்புடறதுக்கு முன்ன காக்காவுக்குச் சோறு வைக்கிறவதானே அவ. டப்பாவத் தொறந்து, "கா... கா... கா..."ன்னு கூப்பிட்டுக்கிட்டே கரையோரமா ரொம்ப தூரம் ஓடினா. காக்கா முட்டையைப் பாத்துச்சு, தயிர்சோத்தைப் பாத்துச்சு. படபடன்னு அவ பின்னாடியே போயிடுச்சு. சொந்தக்காரங்களையும் கூப்பிட்டுக்கிச்சு. டப்பா காலி, அவ வயிறும் காலி. திரும்பிப் பாத்தா, முக்குளிப்பான் கூட்டுல உக்காந்திருக்கு. அப்பாடா!

"ம்..."

அதுக்கப்புறம் அவ கிட்டப் போகவே இல்ல. தினமும் தூரத்துலயே உக்காந்தா. காக்காவுக்குச் சோறு, அவளுக்குக் காத்து. ஒருநாள் பாத்தா, கோடு போட்ட குஞ்சுங்க அம்மா முதுகுல ஏறிக்கிட்டு வருதுங்க! சந்தோஷத்துல இவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. க்ளிக்!

வீட்டுக்குப் போய்ப் பாத்தா, படம் முழுக்கக் காக்கா மூஞ்சி! இன்னிக்குச் சோறு எங்கன்னு குறுக்க வந்து நின்னிருக்கு. அது கழுத்துக்குப் பக்கத்துல, தூரத்துல, பொடிசா அம்மாவும் குஞ்சுங்களும்.

அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சா. வர்றவங்கல்லாம் கேப்பாங்க, "காக்காவை எடுக்கவா அவ்ளோ தூரம் போன?" அவ சிரிப்பா. "அது காவல் நிக்குது. நீங்க பின்னாடி பாருங்க."

குஞ்சு முதுகுல ஏறிடுச்சு, கதை கரை ஏறிடுச்சு. கண்ணை மூடு தங்கம்.