கரடியின் குடமும் உடும்பின் அரமும்

ஒரு காட்டில், லாரிகள் ஓடும் தார்ச்சாலையை ஒட்டி ஒரு கரடி வாழ்ந்தது. சரியான சாப்பாட்டு ராமன். சாலையோர டீக்கடையில் யாரோ வீசி எறிந்த பிளாஸ்டிக் குடத்தின் அடியில் கொஞ்சம் வெல்லப்பாகு ஒட்டியிருந்தது. அதை நக்குவதற்காகக் கரடி தலையை உள்ளே விட்டது. உள்ளே போன தலை திரும்பி வரவில்லை.

குடத்துக்குள் விளக்கு இருக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், குழந்தைகளே. இந்தக் குடத்துக்குள் கரடி இருந்தது.

குடத்தின் அடியில் ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியாகத்தான் கரடி மூச்சு விட்டது, பேசியது, அழுதது. சாப்பிட மட்டும் முடியவில்லை. குரங்கு பரிதாபப்பட்டு அந்த ஓட்டையில் தேனை ஊற்றியது. தேன் நேராக மூக்குக்குள் போயிற்று. கரடி தும்மிய தும்மலில் குரங்கு எதிர்மரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

எல்லாரும் கடித்துப் பார்த்தார்கள். குடம் உருண்டை, பல் வழுக்கியது.

"கத்தி வேணும். ஒரே கீறு, குடம் ரெண்டாப் போயிடும்" என்றது அந்தக் காட்டின் கொல்லனான முள்ளம்பன்றி.

"அப்ப செய்யேன்யா! பசியில உயிர் போகுது!" என்று குடம் முழங்கியது.

செய்திருக்கலாம். ஆனால் முன்பு ஒருமுறை முள்ளம்பன்றி கைக்குக் கிடைத்த தகரத்தில் கத்தி செய்தது. அந்தக் கத்தியால் கத்தரிக்காயை வெட்டப் போனார்கள். கத்தரிக்காய் கத்தியை வெட்டிவிட்டது. அன்று முதல், சோதிக்காத இரும்பை உலையில் வைக்கக்கூடாது என்று காட்டில் சட்டம் வந்தது. சோதிக்கும் அதிகாரி உடும்பு.

உடும்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பிடித்தால் பிடித்ததுதான். அதன் கையில் எப்போதும் ஒரு பழைய அரம் இருக்கும், இரும்பை ராவுகிற அரம். தூங்கும்போதும் விடாது. குளிக்கும்போது தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளிக்கும்.

"இந்த அரம் கடிச்சா அந்த இரும்பு மட்டம். அரம் வழுக்கினா உசத்தி. உசத்தியான இரும்பு வர்ற வரைக்கும் உலையை மூட்டக்கூடாது" என்று உடும்பு, முள்ளம்பன்றி இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இரும்பு தேடக் குரங்கு ஓடியது. டீக்கடையிலிருந்து ஓர் எவர்சில்வர் தட்டோடு வந்தது.

"என்னா பளபளப்பு பாருங்க! என் மூஞ்சியே தெரியுது!"

உடும்பு அரத்தை வைத்து இழுத்தது. கர்ர்ர்.

"மட்டம்."

"பளபளப்புல என்னடா இருக்கு? கரிச்சத்து நிறைய உள்ள எஃகு வேணும். அதைக் காய்ச்சி எண்ணெயில தோய்ச்சாத்தான் கெட்டியாகும், தீட்டினா கூர் நிக்கும்" என்றது முள்ளம்பன்றி.

கரிதானே என்று குரங்கு மறுபடி ஓடியது. வரும்போது அதன் வால் லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. தலைமேல் ஓர் இஸ்திரிப் பெட்டி.

"திறந்து பாருங்க, அண்ணே. உள்ள பூரா கரிதான்!"

கர்ர்ர். "மட்டம்" என்றது உடும்பு. முள்ளம்பன்றி தன் முள்ளில் ஒன்றைப் பிடுங்கித் தன்னையே குத்திக்கொண்டது.

மூன்றாம் தடவை குரங்கு உடைந்த லாரியின் அடியிலிருந்து, பாரம் தாங்கும் வில்பட்டை ஒன்றை இழுத்து வந்தது. முள்ளம்பன்றி துள்ளிக் குதித்தது. "இதுதான்! இது நல்ல எஃகு! இப்ப கொஞ்சம் இளக்கமா இருக்கும், தோய்ச்சா கெட்டியாயிடும்."

கர்ர்ர். "அரம் கடிக்குதே" என்றது உடும்பு.

"தோய்ச்ச பிறகு கடிக்காது!"

"அப்ப தோய்ச்சிட்டுக் கொண்டு வா, சோதிக்கிறேன்."

"தோய்க்கணும்னா உலையில வைக்கணுமே!"

"சோதிக்காம வைக்கக்கூடாது."

இந்தப் பேச்சு பொழுது சாயும்வரை சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் குரங்கு, "அந்த அரத்தாலேயே குடத்தை ராவிட்டா என்ன?" என்று கேட்டது. உடும்பும் போனால் போகிறது என்று ஓர் இழுப்பு இழுத்தது. குடத்துக்குள் இடி இடித்ததுபோல் இருந்திருக்க வேண்டும். கரடி அலறிக்கொண்டு ஓடி, தேக்கு மரத்தில் முட்டி விழுந்தது. மரத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை, குடத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விழுந்த இடத்திலிருந்து கரடி மெல்லக் கேட்டது: "நான் செத்துப்போனா இந்தக் குடத்தோடயேதான் புதைப்பீங்களா?"

குரங்குக்கு அழுகை வந்துவிட்டது. முள்ளம்பன்றிக்கும்தான். உடும்புகூட அழுதது, அரத்தை விடாமல் அழுதது.

"ஒரு சந்தேகம்" என்றது குடம். "காலையிலேருந்து யாரோ ஒருத்தர் வர்றவங்களையெல்லாம் கர்ர் கர்ர்னு கடிக்கிறாரே, அவர் யாரு?"

"அது ஆள் இல்ல மாமா, அரம்" என்றது குரங்கு.

"அவரை யாராவது திருப்பிக் கடிச்சாங்களா?"

"இல்ல."

"அப்ப அவரையே புடிச்சு உலையில போடுங்களேன்யா!"

குடத்துக்குள் விளக்கு எரிந்துவிட்டது!

"அட, ஆமாம். அரமே முதல்தரமான எஃகுதான். கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோமே!" என்று முள்ளம்பன்றி தலையில் அடித்துக்கொண்டது. முள் குத்தியதால் ஒருமுறைதான் அடித்துக்கொண்டது.

"இது அரசாங்க அரம்" என்று உடும்பு பிடியை இறுக்கியது. முள்ளம்பன்றியும் குரங்கும் சேர்ந்து இழுத்தார்கள். அரத்தோடு உடும்பு வந்தது. உடும்போடு பட்டடைக் கல்லும் வந்தது.

குரங்கு கொஞ்சம் யோசித்தது. பிறகு கைகட்டிப் பணிவாக நின்றது.

"அதிகாரி ஐயா, சட்டப்படி எல்லா இரும்பையும் சோதிக்கணும் இல்லீங்களா?"

"ஆமாம்."

"உங்க கையில இருக்கிற இரும்பைச் சோதிச்சுட்டீங்களா?"

உடும்பின் முகம் வெளுத்தது. "இல்லையே! இதைச் சோதிக்க இன்னொரு அரம் வேணுமே!"

"சோதிக்காத இரும்பை அதிகாரியே கையில வச்சிருந்தா, நாளைக்குக் காடு என்ன பேசும்?"

"சேச்சே!" என்று உடும்பு அரத்தைக் கீழே போட்டது. பிறந்த நாள் முதல் அது எதையாவது விட்டது அன்றுதான். இன்னோர் அரம் தேடிச் சாலைப் பக்கம் ஓடியது.

"அண்ணே, சட்டம்?" என்று குரங்கு மெதுவாகக் கேட்டது.

"சட்டம் அரம் தேடப் போயிருக்கு. நீ துருத்தியை ஊது" என்றது முள்ளம்பன்றி.

அரம் செக்கச்செவேலென்று காய்ந்தது. முள்ளம்பன்றி அதைத் தட்டித் தட்டிக் கத்தியாக்கி, எண்ணெயில் தோய்த்து, இளஞ்சூடு காட்டி, சாணைக்கல்லில் தீட்டியது. "ஆடாதீங்க, மாமா" என்று சொல்லி ஒரே கீறு. குடம் இரண்டாகப் பிளந்தது. கரடி முதல் வேலையாகத் தன் மூக்கில் காய்ந்திருந்த தேனை நக்கியது. அடுத்த வேலையாக ஒரு முழுப் பலாப்பழத்தைத் தோலோடு தின்றது.

அப்போது உடும்பு புதிய அரத்தோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

"யாரைக் கேட்டுக் கத்தி செஞ்சீங்க? கொடுங்க இங்கே!"

அரத்தைக் கத்தியின்மேல் வைத்து இழுத்தது. வழுக்கியது. அழுத்தி இழுத்தது. மறுபடியும் வழுக்கியது. உடும்பின் கண்களில் நீர் தளும்பியது.

"இதுதான்! இத்தனை நாளா நான் தேடின இரும்பு இதுதான்! எங்கே கிடைச்சுது?"

"உங்க கையில" என்றது குரங்கு.

உடும்பு குனிந்து தன் கையைப் பார்த்தது. அதில் புதிய அரம் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

நீதி: ஊரில் உள்ளதையெல்லாம் சோதிக்கப் புறப்படுமுன், தேடும் பொருள் உன் கையிலேயே இருக்கிறதா என்று பார்.