பட் இல்லாத பாராட்டு

காரைமேட்டு ஜமீன்தாருக்குப் புகழ்ச்சி பிடிக்கும். அதற்குப் பின்னால் வரும் ‘ஆனால்’தான் பிடிக்காது. கலெக்டர் துரை விருந்துக்கு வந்த அன்று சமையற்காரன் சவரிமுத்துவைக் கூப்பிட்டார்.

“உனக்குத்தான் கொஞ்சம் இங்கிலீஷ் வருமே. துரை முன்னால என்னைப் புகழ்ந்து பேசு. பட், ஆல்தோ, ஹவ்எவர்னு ஏதாவது இழுத்தே, வேலை போயிடும்.”

சவரிமுத்துவுக்குப் பொய் சொல்ல வராது.

விருந்தில், “மை மாஸ்டர் வெரி குட் மேன்” என்று சொல்லி நிறுத்திக்கொண்டான்.

“அவ்வளவுதானா?” என்று தமிழிலேயே கேட்டார் துரை.

“இன்னும் நிறைய இருக்குங்க துரை. எல்லாம் அந்த ‘பட்’டுக்கு அப்புறம்தான் வருது. அந்த வார்த்தையை எஜமான் சொல்லக் கூடாதுன்னுட்டார்.”

துரை விழுந்து விழுந்து சிரித்தார். திருதிருவென்று விழித்த ஜமீன்தாரும் வேறு வழியில்லாமல் சிரித்துவைத்தார். மறுநாளும் அரண்மனையில் சவரிமுத்துதான் ரசம் வைத்தான்.