காட்டுக் கம்பி

மருத்துவமனைகள் கைவிட்ட நோயாளிகளைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஆசிரமம் ஒன்று மலைமேல் இருந்தது. மீனலோசனி அம்மா அதன் குரு. தில்லைநாயகம் அவருடைய சீடர். வயதில் குருவைவிட மிகவும் மூத்தவர். தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, மனைவி இறந்த பிறகு மலையேறி வந்தவர்.

அங்கே அஞ்சலை என்றொருத்தி சாகக் கிடந்தாள். அவளுக்கு ஒரே மகள், பவளக்கொடி. குவைத்தில் வீட்டுவேலை. போக வேண்டாம் என்று தாய் மறித்து, பேச்சு முற்றி, சொல்லிக்கொள்ளாமல் விமானம் ஏறியவள். இப்போது அம்மா முகத்தை ஒருமுறை பார்த்தால் போதும் என்று போனில் அழுதாள். எஜமானர் வீட்டில் எல்லோரும் மதியம் கண்ணயரும் நேரத்தில்தான் அவள் கையில் போன் இருக்கும்.

மலைக்கு வந்த இணைய இணைப்பு எதற்கும் முகம் காட்டிப் பேசும் அளவுக்கு வேகம் இல்லை. தில்லைநாயகம் மூன்று இணைப்புகளைக் கணினியில் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினார். பேச்சும் படமும் துண்டு துண்டாகப் பிரிந்து மூன்று வழியிலும் வந்து, கடைசியில் ஒன்றாகக் கூட வேண்டும்.

கூடவில்லை.

பவளக்கொடியின் முகம் திரையில் வந்தது. வாய் பாதி திறந்தபடி அப்படியே உறைந்து நின்றது. அஞ்சலை நெடுநேரம் அதையே பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பேச மாட்டேங்கிறா. அவளுக்கு இன்னும் என்மேல கோவம் தீரல."

கணினிக் கோளாறு என்று எடுத்துச் சொன்னார்கள். அவள் நம்பவில்லை.

அன்று மாலை தில்லைநாயகம் குருவிடம் போனார். குரு ஒரு நோயாளியின் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இரண்டு போதாது என்றுதான் மூன்றாவதையும் சேர்த்தேன். சேர்த்தால் வேகம் கூடத்தானே வேண்டும்? ஏன் குறைகிறது?"

"ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"மூன்றையுமா?"

மூன்றாவது, காட்டு வழியாக வரும் கம்பி. மரத்துக்கு மரம் கட்டி, அட்டைக்கடியோடு தில்லைநாயகமே இழுத்துக்கொண்டு வந்தது. ஆசிரமத்துக்கு அவர் செய்த முதல் சேவை அது. அதன்மேல் அவர் கை வைக்கவில்லை.

குரு கட்டு மாற்றி முடித்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள், குவைத்தில் மதியம் ஆகும் நேரம். கணினி இருந்த அறை முற்றத்துக்கு அப்பால். அஞ்சலையைக் கட்டிலோடு தூக்கிப் போக வேண்டும். வழக்கமாகத் தூக்கும் மூவர் வந்தார்கள். தில்லைநாயகம் முன்னால் வந்து ஒரு மூலையைப் பிடித்தார்.

"நானும் வருகிறேன். உங்களுக்குக் கனம் குறையும்."

படி இறங்கும்போது அவருடைய முழங்கால் மடங்க மறுத்தது. கட்டில் சாய்ந்தது. அஞ்சலை வாய்விட்டுக் கத்தினாள். மூவரும் நின்றார்கள். அவர் ஓர் அடி வைக்க, மூவரும் ஓர் அடி வைத்தார்கள். மறுபடி நின்றார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது.

"நாயகம், கையை எடுங்கள்" என்றார் கூடவே வந்த குரு.

"மூன்று பேருக்குக் கனமாக இருக்குமே, அம்மா?"

"எடுங்கள்."

எடுத்தார். ஒருவன் பின்பக்கம் நடுவில் மாறிப் பிடித்துக்கொண்டான். கட்டில் ஆடாமல் முற்றத்தைக் கடந்தது.

தில்லைநாயகம் வெயிலில் தனியாக நின்றார். பிறகு நொண்டிக்கொண்டே அறைக்குள் போய், மற்ற இரண்டையும் கழற்றிவிட்டுக் காட்டுக் கம்பியை மட்டும் வைத்துச் சோதித்தார். துண்டுகள் தாமதமாக வந்தன. சில வரவே இல்லை. இது வந்து சேரும்வரை மற்ற இரண்டும் காத்துக்கிடந்திருக்கின்றன. அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. முதல் நாளே பார்த்திருக்கலாம்.

கம்பியைப் பிடுங்கிக் கீழே போட்டார். மற்ற இரண்டையும் சேர்த்தார்.

படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் உதடு அசைந்தபோது குரலும் வந்தது.

"அம்மா! என்னைத் தெரியுதாம்மா?"

"தெரியுது கண்ணு. என்னடி இப்படி எளைச்சுப்போயிட்ட?"

"சொல்லாம வந்துட்டேம்மா."

"நான் பேசுன பேச்சுக்கு யாருதான் நிப்பா? அதை விடு. சாப்பிட்டியா?"

தில்லைநாயகம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சில நாட்களில் அஞ்சலை போய்ச் சேர்ந்தாள். தகனம் முடிந்து திரும்பியதும் அவர் குருவின் முன் நின்றார்.

"காட்டுக் கம்பியை அறுத்து எறிந்துவிடட்டுமா, அம்மா?"

"தனியாக ஒன்றும் செய்யாதா?"

"செய்யும். மெதுவாகச் செய்யும். கடிதம் போகும். காத்திருக்க முடிந்ததெல்லாம் போகும்."

"பிறகு ஏன் அறுக்க வேண்டும்?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே நின்றார்.

"அம்மா, நான்?"

குரு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அஞ்சலை இருந்த அறைக்குக் காலையில் ஒருவர் வந்திருக்கிறார். பக்கவாதம். ஒரு வார்த்தை சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆகிறது. எங்களில் யாராலும் அவ்வளவு நேரம் நின்று கேட்க முடியவில்லை. நீங்கள் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்."