கிணற்று நிலம் ஐந்து பங்கு

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் இரண்டு ஊர் சண்டைக்கு வரும் என்பதால் நான் சொல்லாமல் விடுகிற ஒரு ராஜ்யத்தில், வழக்குக் கேட்டே சலித்துப்போன ராஜா ஒருவர் இருந்தார்.

ஒருநாள் அவர் முன் உமையாத்தாள் என்ற விதவை வந்து நின்றாள். அவள் கணவன் ராஜாவுக்காகப் போரில் செத்தவன். அதற்கு ஈடாகக் கிடைத்தது ஒரு சதுர நிலம். பக்கத்துக்கு நூறு கோல், நட்டநடுவில் கிணறு. பிள்ளைகள் ஐந்து பேர். தண்ணீர்த் தகராறில் மூத்தவன் இளையவனின் மண்டையை உடைத்துவிட்டான்.

பண்டார அதிகாரி மழவரையர் ராஜாவின் காதருகே குனிந்தார். அந்த நிலத்தின் மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். ராஜா உத்தரவு போட்டார். மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் நிலம் ஐந்து சம பங்காக வேண்டும்; வரப்புகள் நேராக ஓட வேண்டும்; ஒவ்வொரு பங்கும் கிணற்றைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் நிலம் பண்டாரத்துக்கு. பிரிக்கும் பொறுப்பு விகடகவி கரும்பாயிரத்துக்கு. அதுவும் மழவரையர் ஓதியதுதான். நாலு பங்கென்றால் குழந்தையும் கோடு போடும், ஐந்துக்கு எவன் போடுவான் என்று அவர் நினைப்பு.

உமையாத்தாள் அழவில்லை. "அந்த மண்ணு போச்சுன்னா அஞ்சும் அஞ்சு திக்குல போயிரும், சாமி" என்று மட்டும் கரும்பாயிரத்திடம் சொன்னாள்.

மறுநாள் ராஜாவும் சபையும் நிலத்துக்கே வந்தார்கள். பருத்தி வியாபாரிகள் நடுவே வளர்ந்த கரும்பாயிரம் வயலுக்குள் காலே வைக்கவில்லை. ஒரு மூலையில் தொடங்கி, கயிற்றோடு வெளிவரப்பைச் சுற்றி நடந்தார். நானூறு கோல் சுற்றில் எண்பது கோலுக்கு ஒரு முளை அடித்தார். உள்ளே பிரிக்கச் சொன்னால் வெளியே அளக்கிறான் என்று சபையார் சிரித்தார்கள். பிறகு ஐந்து முளையிலிருந்தும் கிணற்றுக்கு நேராகக் கயிறு கட்டினார்.

"கிணத்துல இருந்து நாலு வரப்பும் ஒரே தூரம், மகாராஜா. அவங்கவங்க வெளிவரப்பு சமமா இருந்தா நிலமும் சமம்."

மழவரையர் ஒப்பவில்லை. இரண்டு பங்கு முக்கோணம், மூன்று பங்குக்கு மூலை நீட்டிக்கொண்டிருக்கிறது, இதை எந்தக் கண் சமம் என்று சொல்லும் என்றார்.

கண்ணை நம்பிப் பருத்தி வாங்கியவன் எவனும் கடை நடத்தியதில்லை. கரும்பாயிரம் சதுரச் செப்புத் தகடு ஒன்றை அதே கோடுகளில் வெட்டவைத்துத் தராசில் ஏற்றினார். எந்த இரண்டு துண்டை வைத்தாலும் முள் நடுவில் நின்றது.

"விகடகவியின் தராசை யார் ஏற்பது? பண்டாரத் தராசில் நிறுக்கட்டும்" என்றார் மழவரையர்.

கரும்பாயிரம் பணிவாகக் கேட்டார்: "எதைக் கொண்டுவரச் சொல்றீங்க ஐயா? குடிகள்கிட்ட நெல்லு வாங்குற தராசா, அவங்களுக்குக் கொடுக்குற தராசா?"

ராஜா இரண்டையும் வரவழைத்தார். ஒன்று இடப்பக்கம் சாய்ந்தது, மற்றது வலப்பக்கம். துண்டுகளைத் தட்டு மாற்றி வைத்தபோதும் இரண்டும் தத்தம் சாய்வை விடவில்லை; கோணல் துண்டில் இல்லை, தராசில்.

ராஜா கை நீட்டினார். மழவரையர் இடுப்பிலிருந்த பண்டாரச் சாவி அங்கேயே கழன்றது. ஐந்து பங்குக்கும் ராஜமுத்திரை விழுந்தது. தலைக்கட்டோடு நின்ற இளையவன் தன் பங்கின் வழியே கிணற்றுக்கு நடந்தான். மூத்தவன் தன் பங்கின் வழியே வந்தான். ஒருவர் மண்ணை ஒருவர் மிதிக்க வேண்டியிருக்கவில்லை.

ராஜா சாவியைக் கரும்பாயிரத்திடம் நீட்டினார்.

"வேண்டாம் மகாராஜா. ஒரு மாசம் கையில இருந்தா எனக்கும் ரெண்டாவது தராசு வாங்கத் தோணும்."

காலையிலிருந்து இறுகிக்கிடந்த ராஜாவின் முகம் அப்போதுதான் உடைந்தது. வாய்விட்டுச் சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்.