முப்பது முட்டையும் கவுதாரியின் சாட்சியும்

ஆவாரங்காட்டில் ஓர் உடும்பு இருந்தது. இரை தேடி அலைய அதற்குச் சோம்பல். முட்டை என்றால் மட்டும் உயிர்.

ஒரு நாள் காலையில், புதரோரம் மேய்ந்துகொண்டிருந்த பெண் கவுதாரியை அது மடக்கிப் பிடித்தது.

"ஐயோ, என்னைத் தின்றுவிடாதே!" என்று கவுதாரி அலறியது.

"உன்னைத் தின்றால் எனக்கு ஒரு வேளைப் பசிதான் தீரும். நீ என்னிடம் இருந்தால், உன் கூட்டமே முட்டை முட்டையாகக் கொண்டுவந்து கொட்டும்!" என்றது உடும்பு.

கவுதாரியைப் பழைய கரையான் புற்றுக்குள் தள்ளி, புற்றின் வாயைக் கல்லால் அடைத்தது. பிறகு கவுதாரிகளின் கூடுகளுக்கு அருகே போய், புதருக்குள் மறைந்துகொண்டு குரல் கொடுத்தது.

"முப்பது முட்டை! குளக்கரைப் பாறையில் கொண்டுவந்து வையுங்கள். இல்லாவிட்டால் அவளை உயிரோடு பார்க்க மாட்டீர்கள்!"

எந்தத் தாய் தன் முட்டையைத் தானே தூக்கிக் கொடுப்பாள்? அவர்கள் கொடுத்தார்கள். அழுதுகொண்டே கொடுத்தார்கள். ஒன்பது நாளில் முப்பது முட்டையும் போயின. பத்தாம் நாள் கவுதாரியை உடும்பு வெளியே விரட்டிவிட்டது.

கவுதாரி வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக மரங்கொத்தியிடம் போயிற்று. அந்தக் காட்டில் யார் புகார் சொன்னாலும் அதைப் பாலை மரத்தில் கொத்தி எழுதுவது மரங்கொத்தியின் வேலை. கவுதாரி ஒன்று விடாமல் சொன்னது. மரங்கொத்தியும் ஒன்று விடாமல் கொத்தியது.

காட்டுக்குக் காவல் ஒரு செந்நாய். அது மரத்தடிக்கு வந்து முதல் வரியைப் படித்தது. 'கடத்தியவன் உடும்பு' என்று இருந்தது. அவ்வளவு போதும் என்று ஓடிவிட்டது. மீதியைப் படிக்க அந்த வீரனுக்குப் பொறுமை இல்லை!

முட்டை ஓடுகள் கிடந்த பொந்திலிருந்து ஓர் உடும்பை இழுத்து வந்தது. கடித்துவிடுமோ என்று பயந்து அதன் வாயைக் கற்றாழை நாரால் இறுக்கிக் கட்டியது. குளக்கரை இலுப்பை மரத்தில் அதைக் கட்டிப்போட்டு, தண்ணீர் குடிக்க வந்தவர்களிடமெல்லாம் மார்தட்டியது.

"பாருங்கள்! இவன்தான் கடத்தல்காரன்! என்னிடம் மாட்டாதவன் உண்டா?"

மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது. கவுதாரியும் தண்ணீர் குடிக்க வந்தபோது பார்த்தது. நான்காம் நாள்தான் செந்நாய்க்கு அடையாள அணிவகுப்பு என்ற முறை நினைவு வந்தது. ஐந்து உடும்புகளை வாயைக் கட்டி வரிசையாக நிறுத்தி, "எவன் என்று காட்டு!" என்றது. மரத்தில் கட்டிக் கிடந்தவனையே கவுதாரி காட்டியது.

வழக்கு காட்டெருமையிடம் விசாரணைக்கு வந்தது. உடும்பின் வக்கீல் ஓணான், தலையை ஆட்டி ஆட்டிப் பேசியது.

"ஐயா! மூன்று நாள் மரத்தில் கட்டி வைத்துக் காட்டிவிட்டு, பிறகு வரிசையில் நிறுத்தினால் யார்தான் காட்ட மாட்டார்கள்? முட்டை ஓடு எந்த உடும்பின் பொந்தில்தான் இல்லை?"

"அந்த அணிவகுப்பு செல்லாது" என்றது காட்டெருமை. செந்நாய் தரையைப் பார்த்தது.

ஓணான் கவுதாரியின் பக்கம் திரும்பியது. "புற்றுக்குள் இருட்டு. நீ எப்படி முகத்தைப் பார்த்திருக்க முடியும்?"

"தினமும் காலை வெயில் அடிக்கும்போதுதான் கல்லை நகர்த்திச் சாமை போடுவான். ஒன்பது காலை! என் மூக்குக்கு நேரே அவன் மூஞ்சி!"

"பயந்து நடுங்கியிருப்பாய். கண்ணை மூடியிருப்பாய்!"

கவுதாரி சிறகை உதறிக்கொண்டு முன்னால் வந்தது.

"பயந்தவளால் கண்ணை மூட முடியுமா? எப்போது கடிப்பானோ என்று பார்த்துக்கொண்டேதான் இருப்பாள்! அடைபட்டவள் நான். முட்டையைப் பறிகொடுத்தவர்கள் என் அக்காமார். கேள்வி மட்டும் எங்களுக்கா? மரத்தில் கட்டிய பிறகா எனக்கு இவனைத் தெரியும்? இவன் நாக்கைப் பற்றி முதல் நாளே சொன்னேனே! அதைப் படித்தீர்களா?"

காட்டெருமை எழுந்து பாலை மரத்தடிக்கு நடந்தது. உடும்பையும் இழுத்துக்கொண்டு எல்லாரும் பின்னால் போனார்கள். மரங்கொத்தி உரக்கப் படித்தது.

"கடத்தியவனின் பிளந்த நாக்கில் இடப்பக்க நுனி அறுந்து குட்டையாக இருக்கும். சாமை போடும்போதெல்லாம் நாக்கை என் முகத்துக்கு நேரே நீட்டுவான்."

"மரத்தில் கட்டியிருந்தபோது யாராவது இவன் நாக்கைப் பார்த்தீர்களா?" என்று காட்டெருமை கேட்டது.

"எப்படிப் பார்ப்பது? வாயைத்தான் கட்டியிருந்ததே!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

"நாரை அவிழ்!" என்றது காட்டெருமை. செந்நாய் அவிழ்த்தது. "நாக்கை நீட்டு!"

உடும்பு நீட்டுமா? வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

அப்போது ஒரு மயில் தன் கூட்டிலிருந்து குஞ்சு பொரிக்காத கூமுட்டை ஒன்றை உருட்டிவந்து உடும்பின் முன்னால் வைத்தது. உடும்புக்கு நாக்குதான் மோப்பம். எத்தனை நேரம் அடக்கும்? சட்டென்று நாக்கு வெளியே வந்து முட்டையைத் தடவியது. இடப்பக்க நுனி அறுந்து குட்டையாக இருந்தது.

ஓணானின் தலையாட்டம் நின்றுபோயிற்று.

"ஒன்பது நாள் பார்த்த கண் சொல்வதுதான் சாட்சி. எவனும் கைது ஆகும் முன்பே மரத்தில் எழுதியதுதான் அதற்குத் துணை. இவன் மலைக்கு அப்பால் போகட்டும். திரும்பினால் மிதிபடுவான்!" என்று காட்டெருமை உறுமியது. "செந்நாயே! நான்கு வரி படிக்கச் சோம்பல்பட்டு இவனைத் தப்பவிடப் பார்த்தாயே! இனிக் காவலுக்கு நீ வேண்டாம்!"

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். கவுதாரி மட்டும் சந்தோஷப்படவில்லை. வெறும் கூடுகளில் உட்கார்ந்திருந்த அக்காமாரிடம் போய், அவர்களுக்கு நடுவில் ஒட்டி உட்கார்ந்துகொண்டது. அந்த முப்பது முட்டையும் திரும்பி வரவே இல்லை.

கொடுமைக்கு ஆளானவரைத் துருவித் துருவிக் கேட்பதற்கு முன்னால், அவர் முதல் நாளே சொன்னதை முழுதாகக் கேட்க வேண்டும்.