முதல் தாம்பூலம்

ஆற்றங்கரை மடத்துக் கொல்லையில் மாசிலாமணி விறகு பிளந்துகொண்டிருந்தார். மகள் தேன்மொழி இறந்த பிறகு அங்கே சீடராக வந்து சேர்ந்தவர். குருவைவிட வயதில் மூத்தவர்.

குரு வந்து நின்றார்.

"வாசலுக்கு ஒருத்தர் வந்திருக்கார். கையில் தாம்பூலத் தட்டு. மகனுக்கு மறு கல்யாணமாம். முதல் தாம்பூலம் உங்களுக்குத்தான் வைக்கணும்கிறார்."

மாசிலாமணி எட்டிப் பார்த்தார். தேன்மொழியின் மாமனார் சிங்காரவேல்.

"யார் அவர்?" என்றார் குரு.

மாசிலாமணி கோடாலியைக் கீழே வைத்தார்.

"என்னன்னு சொல்றது சாமி? மகள் இருந்தவரைக்கும் சம்பந்தி. இப்போ அவருக்குப் புது சம்பந்தி வந்தாச்சு. இனிமே நான் அவருக்கு யார்?"

"கல்யாணமே ஆகாதவன்கிட்ட கேட்கிற கேள்வியா இது?"

மாசிலாமணி சிரிக்கவில்லை. "நான் இல்லைன்னு சொல்லி அனுப்பிடுங்க."

குரு ஒரு செம்பில் மோர் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மாசிலாமணி கதவுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க. உப்பு போதுமா?"

சிங்காரவேல் ஒரு வாய் குடித்தார்.

"போதும். எங்க மருமகள் நார்த்த இலை கிள்ளிப் போடுவா."

"இப்பவும் வீட்டுல அப்படித்தானா?"

"யாரும் போடறதில்லை. போடச் சொல்லவும் முடியலை. அவ பேச்சை எடுத்தா மகன் எழுந்து போயிடறான். புதுசா ஒரு பொண்ணு வரப்போகுது, அதுவும் பாவம்தானே. நேத்து படத்தைக்கூட எடுத்து உள்ளே வெச்சுட்டோம்."

மிச்ச மோரை அவர் குடிக்கவில்லை. செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குரு உள்ளே வந்தார். மாசிலாமணி கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

வாசலிலிருந்து குரல் வந்தது.

"சம்பந்தி..."

மாசிலாமணி அசையவில்லை.

"சம்பந்தி, உள்ளே இருக்கீங்களா?"

"இன்னும் என்னை அப்படித்தான் கூப்பிடறார் சாமி," என்றார் மாசிலாமணி.

"உங்களையா? அவர் உங்க மகளைக் கூப்பிடறார்," என்றார் குரு. "யாராவது பதில் சொல்ல வேண்டாமா?"