பூசணிக்காய் மாப்பிள்ளையைப் பாடியது யார்?

ரொம்ப காலத்துக்கு முன்னே கொன்றை நாட்டைக் கோளரித்தேவன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒருவனுக்கு யானையைப் பரிசாகக் கொடுப்பான். மத்தியானம் அவனையே சிறையில் போடுவான். அவ்வளவு நிலையான புத்தி!

அவனுக்கு முத்துநகை என்று ஒரே தங்கை. பூசணிக்காய் மாப்பிள்ளை, பாகற்காய்ப் பெண்ணுக்குப் பரிசம் போடப் போன கூத்தை அவள் நூறு பாட்டாக எழுதினாள். அரங்கேற்றத்தன்று சபையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆஸ்தானப் புலவர் சண்பகக் கவிராயருக்குத்தான் வயிறு எரிந்தது. அவர் பாடினால் சபையில் கொட்டாவிச் சத்தம்தான் கேட்கும்.

கவிராயர் எழுந்தார். "மகாராஜா, இனியும் மறைக்க முடியாது. நூறும் அடியேன் பாடியவை. நான் சொல்லச் சொல்ல இளவரசியார் எழுதினார், அவ்வளவுதான்."

"அண்ணா, பொய்!" என்று முத்துநகை துடித்துப்போனாள்.

ராஜாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பொய் சொல்வது நீ என்றால், இனி எழுத்தாணியைத் தொடக்கூடாது. அமைச்சரே, இப்போதே விசாரியும்!"

அமைச்சர் திருமேனி ஏட்டைக் கையில் எடுத்துப் புரட்டினார். முகம் வாடியது.

"என்ன ஓய்?"

"சொல்லவே நாக்கு கூசுகிறது மகாராஜா. எழுபதாம் பாட்டில் தங்கள் மீசையைக் கரப்பான்பூச்சி மீசை என்று எழுதியிருக்கிறதே!"

ராஜாவின் கை மீசைக்குப் போனது. கண் சிவந்தது. "யார் எழுதியது?"

கவிராயர் தடாலென்று காலில் விழுந்தார். "ஐயோ, அது மட்டும் என்னுடையது இல்லை! வேண்டாம் தாயே என்று அப்போதே சொன்னேன். கேளாமல் இளவரசியார்தான் சேர்த்தார்!"

முத்துநகை திகைத்து நின்றாள். "என் நூலில் மீசையே வரவில்லையே! எழுபதாம் பாட்டில் முருங்கைக்காய் அல்லவா சிலம்பம் ஆடுகிறது?"

ராஜா ஏட்டைப் பிடுங்கிப் பார்த்தான். முருங்கைக்காய்தான் ஆடிக்கொண்டிருந்தது.

"இல்லாத பாட்டை எப்போது வேண்டாம் என்றீர், கவிராயரே?" என்றார் திருமேனி.

கவிராயர் எழுந்திருக்கவே இல்லை.

"நாளைக்குக் கடைத்தெருவில் நூறு பாட்டையும் நீரே பாட வேண்டும். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும், 'இது முத்துநகை பாடியது' என்று உரக்கச் சொல்ல வேண்டும்!" என்று தீர்ப்பளித்த ராஜா, தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். தங்கையின் கையில் பொன் எழுத்தாணி ஒன்றைக் கொடுத்தான்.

பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஏனம்மா, காய்கறிக்கெல்லாம் பாட்டு இருக்கிறது. என் மீசையைப் பற்றி நிஜமாகவே எழுதவில்லையா?"

"எழுதத்தான் பார்த்தேன் அண்ணா. ஓலை நீளம் பத்தவில்லை."

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. ராஜா முதலில் சிரித்தான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. நாட்டிலேயே உயரமான பனையில் ஏறி, நீள ஓலையாகப் பார்த்து வெட்டிவர அன்றைக்கே ஆள் அனுப்பினான்.